பஸீலா கைபட்ட கார்

சங்கரன்கோவிலிலிருந்து சிவகிரிக்குப் போகிற சாலையில், வீடுகள் ஓய்ந்து காடு தொடங்குகிற இடத்தில், தகரக் கூரை போட்ட கார் டீடெய்லிங் கொட்டகை ஒன்று இருக்கிறது; காரை உள்ளும் புறமும் சுத்தம் செய்து புதிதுபோல் ஆக்கித் தருகிற இடம். முகம்மது சாதிக்கும் அவர் மனைவி பஸீலாவும் நடத்துகிறார்கள். வெளியே பாலிஷ், கோட்டிங் எல்லாம் சாதிக்கின் வேலை. கதவைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் பஸீலாவின் வேலை.

சாதிக் இந்தத் தொழிலைத் துபாயில் கற்றவர். முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு ஊரோடு வந்துவிட்டார். நின்றுகொண்டு பாலிஷ் மெஷின் பிடிப்பார். குனிந்து காருக்குள் நுழைய முடியாது. வேலைக்கு வைத்த ஆட்கள் யாரும் நிலைக்கவில்லை. அதனால் பஸீலா ஒரு நாள் துப்பட்டாவை இறுகக் கட்டிக்கொண்டு, வேக்குவம் மெஷினோடு தானே உள்ளே இறங்கினார். ஏசி துவாரத்தின் இடுக்கு, சீட் தையலின் மடிப்பு என்று எதையும் விடமாட்டார். ஆனாலும் வருகிறவர்கள், "பாய் இல்லையா?" என்றுதான் கேட்பார்கள். பஸீலா பதில் சொன்னாலும் காது சாதிக் பக்கமே இருக்கும்.

போன வருடம் கோமதி அம்மனின் ஆடித் தபசுத் திருவிழா அன்று சங்கரன்கோவிலுக்குள் வண்டி நுழைய முடியாத கூட்டம். சிவகிரிப் பக்கத்துக் கிராமத்து டாக்ஸி டிரைவர் பேச்சிராஜ், பக்கத்து வீட்டுத் தேன்மொழியைப் பிரசவ வலியோடு ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்தான். சுற்றுப்பாதையில் திருப்பிவிட்டார்கள். அங்கேயும் வேன்களும் பஸ்களும் நகராமல் நின்றன. ஒரு வேனிலிருந்து இறங்கி வந்த பெண்கள் சேலையால் காரைச் சுற்றி மறைத்துக்கொள்ள, பின் சீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது. பிறகு போலீஸ்காரர் ஒருவர் முன்னால் ஓடி வழி ஏற்படுத்திக் கொடுக்க, தாயும் பிள்ளையும் நல்லபடியாக ஆஸ்பத்திரி சேர்ந்தார்கள்.

மறுநாள் பேச்சிராஜ் காரைக் கழுவ அலைந்தான். ஒரு இடத்தில் மிதியடியை மட்டும் கழுவிவிட்டு, சீட்டைத் தொட மாட்டோம் என்றார்கள். இன்னொரு இடத்தில் பார்த்த உடனே கையை விரித்தார்கள். வீட்டில் தானே கொதிக்கிற தண்ணீரை ஊற்றித் தேய்த்தான். கறை இன்னும் நன்றாகப் பிடித்துக்கொண்டது. தீட்டுப்பட்ட வண்டி, வந்த விலைக்குத் தள்ளிவிட்டுவிடு என்றார் அவனுடைய மாமா. அவன் ஆசை ஆசையாய் வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத கார் அது.

கொட்டகைக்கு வந்தவன் சாதிக்கிடம்தான் சொன்னான். சாதிக் எட்டிப் பார்த்துவிட்டு மனைவியைப் பார்த்தார். இதைச் செய்ய அவர் உடம்பு இடம் கொடுக்காது. செய் என்று சொல்ல மனசும் வரவில்லை. பஸீலா கையுறையை மாட்டிக்கொண்டு பின் கதவைத் திறந்தார். சீட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ஒரு உசிரு வந்த எடம் தம்பி. இதுல அருவருக்க என்ன இருக்கு? சாவியக் குடுத்துட்டுப் போ. நான் பாத்துக்கிடுதேன்."

சீட்டைக் கழற்றி, உறையைத் தனியே பிரித்தார். குளிர்ந்த தண்ணீரும், ரத்தக்கறைக்கென்று சாதிக் வரவழைத்து வைத்திருந்த திரவமும் தவிர வேறெதையும் பக்கத்தில் விடவில்லை. ஊறவைப்பதும் ஒற்றி எடுப்பதுமாக வேலை நகர்ந்தது. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து, கிளிப் போட்டு நிறுத்திக் கழுவினார். பெல்ட் மாட்டுகிற பூட்டுக்குள் சின்ன பிரஷ்ஷை விட்டுத் துடைத்தார். எல்லாம் முடிந்து சீட்டை மாட்டியபோது கார் புதிதாகத் தெரிந்தது. சாதிக், டிரைவரைக் கூப்பிடலாமா என்று கேட்டார்.

பஸீலா கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, காரை உச்சி வெயிலில் நிறுத்தச் சொன்னார். உள்ளே நன்றாகச் சூடேறிய பிறகு கதவைத் திறந்து தலையை விட்டார். மெல்லிய வாடை ஒன்று வந்தது.

"இல்ல மச்சான். அடியில எறங்கிருக்கு. தரை கார்ப்பெட்ட முழுசா எடுக்கணும்."

அதுவரை அவர் ஒரு காரின் கார்ப்பெட்டை முழுசாக எடுத்ததில்லை. முன் சீட் இரண்டையும் கழற்றி இறக்க வேண்டும். அவற்றின் அடியில் ஏர்பேக் ஒயர் ஓடுகிறது, பிசகினால் ஆபத்து. சாதிக் பேட்டரியைக் கழற்றிவிட்டு, கதவுப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எந்த போல்ட், எந்த ஒயர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பஸீலா படுத்தும் மண்டியிட்டும் கழற்றினார். கார்ப்பெட்டைத் தூக்கியதும் அடியிலிருந்த பஞ்சு மெத்தை நனைந்து கிடப்பது தெரிந்தது. பேச்சிராஜ் ஊற்றிய வெந்நீர் அத்தனையும் அங்கேதான் தேங்கியிருந்தது. பஸீலாவின் மூக்கு பொய் சொல்லவில்லை என்று சாதிக் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து நின்றது.

ஆடிக் காற்று சீக்கிரம் உலர்த்திவிடும். ஆனால் கூடவே செம்மண்ணையும் கொண்டுவந்து கொட்டும். பஸீலா பழைய நூல் சேலைகளைக் கொட்டகையைச் சுற்றிக் கட்டினார். காற்று உள்ளே வந்தது, மண் வெளியே நின்றது. கார்ப்பெட் நன்றாகக் காய்ந்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, மறுபடி வெயிலில் நிறுத்தித் தலையை விட்டார். ஒரு வாடையும் இல்லை. அந்த இடைவெளியில் சாதிக் வெளிப்பக்கம் முழுவதும் பாலிஷ் போட்டு முடித்திருந்தார்.

பேச்சிராஜ் வந்து முகர்ந்து பார்த்தான், சீட்டைத் தடவினான். பிறகு காரை நேராக டாக்ஸி ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய், நான்கு கதவையும் திறந்துவைத்து, மற்ற டிரைவர்களைக் கூப்பிட்டுக் காட்டினான். ஆளாளுக்கு உள்ளே தலையை விட்டுப் பார்த்தார்கள். யார் செய்தது என்று கேட்டதற்கு, "சாதிக் பாய் வீட்டு அக்கா" என்றான்.

தேன்மொழியை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிப்போனதும் அவன்தான். அந்தக் காரில் ஏற அவள் கூசினாளாம். நீயே வந்து பாரு என்று கூட்டிவந்து காட்டியிருக்கிறான். போகிற வழியில் கொட்டகை முன்னால் காரை நிறுத்தச் சொல்லி, குழந்தையோடு இறங்கினாள்.

"அண்ணன் வண்டியப் பாழாக்கிட்டோமேன்னு படுத்தா தூக்கமே இல்லக்கா. இப்பம் எங்கன உக்காந்திருந்தேன்னு எனக்கே தெரியல."

பஸீலா கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து குழந்தையை வாங்கினார். கோமதி என்று பெயர் வைக்கப் போவதாகத் தேன்மொழி சொன்னாள். சாதிக் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

இப்போது வாசுதேவநல்லூர், புளியங்குடியிலிருந்தெல்லாம் ஆம்புலன்ஸ் டிரைவர்கள் வண்டியை இங்கேதான் கொண்டுவருகிறார்கள். சாதிக் பாலிஷ் மெஷினை நிறுத்தாமலே கையைக் காட்டுவார்: "உள் வேலைன்னா அங்கன கேளுங்க. அவதான் முதலாளி." பஸீலா அதை மறுப்பதில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாவிக்குக் கையை நீட்டுவார்.