கயிற்றைக் கட்டியவன் சொல்வது: பிரெஞ்சுக் கால்வாயில் மூன்று நாட்கள்

போதுமான காலம் பேசாமல் இருந்துவிட்டேன். ஒரு வருடமாக இத்தாலியின் பலேர்மோ நகரத்தில் எங்கள் ஆட்களின் கைப்பேசிகளில் ஒரு படம் ஓடுகிறது. கல்லால் கட்டிய தொட்டிக்குள் ஒரு வெள்ளைப் படகு மூக்கை மேலே தூக்கியபடி தொங்குகிறது. அதன் முன்பக்கத்தில் ஒருவன் "தண்ணியை நிப்பாட்டு, தண்ணியை நிப்பாட்டு" என்று கத்துகிறான். பிரான்சில் நின்று தமிழில் கத்துகிறான். அவன் நான்தான். பல்லரோச் சந்தையில் மரக்கறி விற்கும் நம்மவர் அன்று முதல் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "கப்டன், கீரையைக் கட்டித் தரவோ, கட்டாமல் தரவோ?" என்கிறார். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள்.

படம் அரை நிமிடம்கூட இல்லை. பயணம் மூன்று நாள். மிச்சத்தை யாரும் பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன். அந்தக் கால்வாயில் போக நினைப்பவர்களுக்கும் உதவும்.

போனது சென்ற வருடம் மே மாதத்தில். அழைத்தவன் ரஞ்சன். அவனைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பலேர்மோவுக்கு வந்த புதிதில் நானும் அவனும் பல்லரோவுக்குப் பின்னால் ஒரு சந்தில், நான்காம் மாடியில், ஒரே அறையில் இருந்தோம். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக்காகக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையக வாசலில் ஒன்றாக வரிசையில் நின்றோம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நல்ல சப்பாத்து இருந்த காலமும் உண்டு. வேலை கேட்டுப் போகிறவன் அதைப் போடுவான். பிறகு அவனுக்குக் கல்யாணமாகி ஒரேத்தோப் பக்கம் வீடு எடுத்தான். நான் என் மனைவி வசந்தியைக் கூட்டிவந்து அதே நான்காம் மாடியிலேயே தங்கினேன். சந்தைக்கு வரும்போதெல்லாம் அவன் கீழே நின்று கூப்பிடுவான். நான் பல்கனியிலிருந்து கூடையில் தெருக்கதவின் சாவியைப் போட்டு இறக்குவேன். இந்த ஊரில் கிழவிகள் பாண் வாங்குவதும் அப்படித்தான். சாவியை எடுத்துக்கொண்டு மேலே வருவான்.

அந்தப் பயணத்துக்கு ஏழு வருடங்களுக்கு முன் அவன் குடும்பத்தோடு பிரான்சின் துலூஸுக்குப் போய்விட்டான். எனக்குச் சொல்லவில்லை. போய் நாலு நாளான பிறகு, மேற்சொன்ன மரக்கறிக் கடையில், வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அறிந்தேன். "என்ன, உங்களுக்கே தெரியாதோ?" என்று கேட்டார் கடைக்காரர். அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை.

எனவே படகில் போக எனக்கு விருப்பமில்லை. அவன் மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை என்றும், வாடகைக்கு எடுத்த படகு வீணாகிறது என்றும் வசந்திக்குத் தொலைபேசி எடுத்தான். எனக்கு எடுக்கவில்லை. வசந்தி ஓம் என்று சொன்ன பிறகுதான் எனக்குச் சொன்னார்.

பலேர்மோவிலிருந்து ரோமில் விமானம் மாறித் துலூஸ் போனோம். அங்கிருந்து கஸ்தெல்நோதாரிக்கு ரயிலில் முக்கால் மணி நேரம், ஆளுக்குப் பன்னிரண்டு யூரோ. ஊரின் நடுவிலேயே கால்வாய் ஒரு குளம்போல விரிந்து கிடக்கிறது; படகுகள் அங்கேதான் நிற்கின்றன. மூன்று இரவுக்கு வாடகை 780 யூரோ, எரிபொருள் தனி. கார்க்கசோன் வரை ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். மணிக்கு எட்டு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டக் கூடாது. கரையில் நாயோடு ஓடுபவர்கள் நம்மை முந்திப் போவார்கள். ஓட்டுவதற்கு லைசென்ஸ் தேவையில்லை. படகை வாடகைக்கு விடுபவர் அரை மணி நேரம் பாடம் எடுப்பார்.

பாடத்தில் முக்கியமானது மதகு. கால்வாய் கார்க்கசோன் பக்கம் படிப்படியாகத் தாழ்ந்து போகிறது. ஒவ்வொரு படியிலும் முட்டை வடிவில் ஒரு கல்தொட்டி, முன்னும் பின்னும் பெரிய கதவுகள். படகு உள்ளே போனதும் பின்கதவை மூடித் தண்ணீரை வடிப்பார்கள். படகு தண்ணீரோடு கீழே இறங்கும். பிறகு முன்கதவு திறக்கும். வாடகைக்காரர் பிரெஞ்சில் சொல்ல, ரஞ்சன் தமிழில் சொன்னான்.

"கரையிலை இருக்கிற இரும்புக் கட்டையிலை கயிறை ஒரு சுத்து சுத்தி, நுனியைக் கையிலை பிடிச்சிருக்க வேணும். தண்ணி இறங்க இறங்க இளக்கி விடோணும். கட்டக் கூடாது."

"வசந்தி, விளங்கினதெண்டு சொல்லும்" என்றேன்.

"ரஞ்சன் அண்ணை உங்கடை மூக்குக்கு முன்னாலைதான் நிக்கிறார். நீங்களே சொல்லுங்கோவன்."

வந்ததிலிருந்து நான் அவனோடு நேரே கதைக்கவில்லை. வசந்தி வழியாகத்தான் எல்லாம்.

மறுநாள் காலை ஒன்பதுக்கு முதல் மதகு. அது ஒன்றல்ல, ஒன்றை அடுத்து ஒன்றாக நாலு தொட்டிகள். ரஞ்சன் சுக்கானில். முன்கயிறு என்னிடம், பின்கயிறு வசந்தியிடம். அடுப்பில் மத்தியானத்துக்குச் சோறு. நான் கயிற்றைக் கரைக் கட்டையில் சுற்றி, நுனியை இழுத்து, படகின் கொளுக்கியில் இரண்டு முடிச்சுப் போட்டேன்.

யோசித்துச் செய்ததல்ல. பல்கனியிலிருந்து கூடை இறக்கிப் பழகியவர்களுக்கு இது விளங்கும். முதலில் கயிற்றின் நுனியைக் கம்பியில் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கூடையும் கயிறும் சேர்ந்து தெருவுக்குப் போகும். இத்தனை வருடமாக என் கை அதைத்தான் செய்கிறது. கயிறு என்றால் கட்டு. இது பலேர்மோவின் சட்டம். பிரான்சின் சட்டம் வேறு.

தண்ணீர் இறங்கியது. படகின் பின்பக்கமும் இறங்கியது. முன்பக்கம் இறங்கவில்லை. கயிறு முறுகிக் கீச்சிட்டது. முடிச்சு இரும்பாய்ப் போனது. உள்ளே சட்டிகள் உருண்டன. அப்போது நான் கத்தியதைத்தான் உலகம் பார்த்திருக்கிறது. மேலே நின்ற மதகுக்காரப் பெண் ஓடிவந்து தண்ணீரை நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். ரஞ்சன் வெங்காயம் வெட்டும் கத்தியோடு பாய்ந்து வந்து ஒரே இழுவையில் கயிற்றை அறுத்தான். படகு தொப்பென்று விழுந்தது. சோறு முழுவதும் தரையில்.

படம் எடுத்தவர் என் மனைவி. ஒரு கையில் கயிறு, மற்றக் கையில் கைப்பேசி. அவருடைய கயிறு சரியாகத்தான் இருந்தது. இதைப் பற்றி வேறெதுவும் எழுதப்போவதில்லை.

ரஞ்சன் அறுந்த நுனியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். முடிச்சைப் பார்த்தான். அவன் தோள் குலுங்கத் தொடங்கியது.

"டேய் மச்சான், இது பல்லரோ பல்கனி இல்லையடா."

"கட்டாமல் விட்டால் கூடை ஆரின்ரை தலையிலை விழும்?" என்றேன்.

ஏழு வருடத்துக்குப் பிறகு அவனுக்கு நேரே சொன்ன முதல் வார்த்தை அது. வசந்தி உள்ளே சோற்றைக் கூட்டி அள்ளியபடி, "அப்பாடா, இனி எனக்குத் தூது போற வேலை மிச்சம்" என்றார்.

பன்னிரண்டரைக்கு மதகுகள் ஒரு மணி நேரம் மூடுகின்றன. மதகுக்காரர் சாப்பிட வேண்டுமாம். மரநிழலில் படகை நிறுத்தினோம். இருபக்கமும் பெரிய மரங்கள். பல இடங்களில் நோய் பிடித்ததென்று வெட்டிவிட்டுப் புதுக்கன்று வைத்திருக்கிறார்கள். அங்கே வெயில் நேரே தலையில் விழுகிறது. சோறு இல்லை, பாண் இருந்தது. ரஞ்சன் குளிர்பெட்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்தான். கடலை மாவைக் கிண்டி ஆறவைத்துத் துண்டு போட்டிருந்தான். பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தேசிக்காய் பிழிந்தான். பனெல்லே. பலேர்மோவின் தெருச் சாப்பாடு. வேலையில்லாத நாட்களில் நாங்கள் இருவரும் ஒன்றை வாங்கிப் பாதியாகப் பிய்த்துத் தின்றது.

ஒரு கடி கடித்ததும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. அவன் காணாமல் போன கிழமையில் ஒரு காலை. கீழே அவன் குரல். வழக்கம்போலச் சாவியோடு கூடையை இறக்கினேன். கயிறு இரண்டு தரம் ஆடியது. நெடுநேரம் யாரும் மேலே வரவில்லை. இழுத்துப் பார்த்தால் சாவி அப்படியே இருந்தது; பக்கத்தில் கடுதாசியில் சுற்றிய பனெல்லேப் பாண், சூடாக. வேலைக்கு நேரமாகிவிட்டது போல என்று நினைத்து நின்ற நிலையில் தின்றேன்.

"அண்டைக்குத்தானோ?" என்று கேட்டேன்.

"ஓம். பத்து மணிக்குப் பஸ். மனுசியும் பிள்ளையளும் அங்கை காத்துக்கொண்டு நிண்டவை."

"கூடையிலை சாவி இருந்தது. ஏன் மேலை வரேல்லை?"

"வந்திருந்தால் நீ என்னோடை வாதாடியிருப்பாய். படிச்சவன் நீ, எப்பவும் நீதான் வெல்லுவாய். நான் போயிருக்க மாட்டன்." கையைத் துடைத்துக்கொண்டு, "கயிறை ஆட்டிச் சொல்லிப்போட்டுத்தான் போனனான்" என்றான்.

"அதுக்குப் பேர் சொல்லுறது இல்லை."

"தெரியும்."

அது சொல்வதல்ல என்றுதான் இப்போதும் எழுதுகிறேன். ஆனாலும் நான் அந்தப் பாணை முழுவதும் தின்றேன். இரண்டாவதும் கேட்டேன்.

மிச்ச இரண்டரை நாளில் ஏறக்குறைய இருபது மதகுகளைக் கடந்தோம். ஒன்றிலும் நான் கட்டவில்லை. பாலங்கள் எல்லாவற்றையும் சுக்கான் பிடித்துக் கடந்தது நான்தான் என்பதையும் பதிவு செய்கிறேன். பழைய கல் வளைவுகள். தாழ்வாக, ஒடுக்கமாக, பெரும்பாலும் ஒரு திருப்பத்துக்குப் பின்னால் மறைந்து நிற்கும். வேகத்தைக் குறைத்து, வளைவின் உச்சியைப் பார்த்து நேரே விட வேண்டும். கூரையில் இருப்பவர்கள் குனிய வேண்டும். ரஞ்சன் ஒவ்வொரு முறையும் குனிந்துகொண்டே பலேர்மோவின் வுச்சீரியாச் சந்தையில் நாங்கள் மீன்பெட்டி தூக்கிய காலத்துக் கதை ஒன்றைத் தொடங்கி, மறுபக்கம் வெளிச்சத்தில் முடிப்பான். பாதி பொய். எந்தப் பாலத்திலும் படகு உரசவில்லை. அதை யாரும் படம் எடுக்கவில்லை.

போகிறவர்கள் கவனிக்க: தடித்த கையுறை கொண்டு போங்கள், கயிறு கையைத் தின்னும். அரிசியும் மிளகாய்த்தூளும் கொண்டு போங்கள், கரையில் கடைகள் தூரம். மதகுக்குள் நுழைய முன் அடுப்பை அணையுங்கள். பன்னிரண்டு மணிக்குப் பிறகு அடுத்த மதகைப் பிடிக்க ஓடாதீர்கள். குடும்பத்தில் ஒருவரோடு கோபமென்றால் புறப்படும் முன் தீர்த்துக்கொள்ளுங்கள். படகின் நீளம் ஒன்பது மீற்றர்தான். கட்டாதீர்கள்.

கார்க்கசோனில் அறுந்த கயிற்றுக்கு வாடகைக்காரர் காசு எடுத்தார். காசு கொடுத்தது நமதென்று ரஞ்சன் அதைச் சுருட்டி என் பைக்குள் வைத்தான். இப்போது என் பல்கனிக் கூடை அதில்தான் தொங்குகிறது. நுனி கம்பியில் கட்டியிருக்கிறது. இங்கே கட்டத்தான் வேண்டும்.

வருகிற ஓகஸ்ட்டில் குடும்பத்தோடு பலேர்மோ வருகிறானாம். "அங்கை வந்தால் கீழை நிண்டு கூப்பிடுவன்" என்று சென்ற வருடம் துலூஸ் நிலையத்தில் சொன்னான். இதுதான் பதில்: கூடை இறங்காது. கதவைத் திறக்க நானே நாலு மாடியும் இறங்கி வருவேன்.

இதன் கீழே பெயர் போடப்போவதில்லை. போட்டால் மரக்கறிக் கடையில் இன்னொரு வருடம் சிரிப்பார்கள். வாசிக்க வேண்டியவனுக்கு அந்த முடிச்சைத் தெரியும்.