எக்சிட் ஜீரோ என்ற கடைசி வரி

காலை ஷிப்ட்டில் நாங்கள் இரண்டே பேர்தான். நான் ஒருத்தி, என்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஒருவர். அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஐ.டி. கம்பெனியில் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று சேர்ந்த புதிதில் வகுப்பே எடுத்தார்கள். இவர் விஷயத்தில் எனக்கு வாய் வரவில்லை.

அலுவலகம் பெருங்களத்தூர் தாண்டி. நான் பல்லாவரத்திலிருந்து ரயிலில் வருவேன், அவர் சேலையூரிலிருந்து பைக்கில். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பக்கம் சந்தைக்கு வண்டி கட்டிக்கொண்டு ஊரே இறங்கிவிடும். ஸ்டேஷனுக்கு வந்து சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அன்றைக்கெல்லாம் நான் தாமதமாகத்தான் வருவேன், அதுவரை என் வேலையையும் அவரே பார்த்து வைத்திருப்பார்.

வேலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் சர்வர்களில் ராத்திரி முழுக்க ஷெல் ஸ்கிரிப்ட்டுகள் ஓடும். ஷெல் ஸ்கிரிப்ட் என்பது கம்ப்யூட்டருக்கு எழுதி வைத்த வேலை வரிசை: இந்த ஃபோல்டருக்குப் போ, அங்கே இருக்கும் கோப்புகளை எடு, ஒன்றாகக் கட்டு, அனுப்பு. ஒவ்வொரு வேலையும் முடியும்போது ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போகும். பூஜ்யம் என்றால் நல்லபடியாக முடிந்தது. வேறு எந்த எண்ணானாலும் ஏதோ கோளாறு. எங்கள் திரையில் பூஜ்யம் பச்சையாகத் தெரியும், மற்றதெல்லாம் சிவப்பு. பச்சையா என்று பார்ப்பதும், பார்த்தேன் என்று மெயில் போடுவதும்தான் உத்தியோகம். பொறியியல் படித்துவிட்டு இதைச் செய்கிறேன் என்று வீட்டில் விளக்கிச் சொன்னதில்லை. அவர்களும் கேட்டதில்லை.

இப்படி ஓடும் ஒவ்வொன்றையும் ஜாப் என்போம். என்னிடம் சில்லறையாகப் பல ஜாப்கள் இருந்தன. அண்ணாவிடம் ஒன்றே ஒன்று. கிடங்குகளின் சரக்கு விவரங்களைக் கட்டித் தலைமையகத்துக்கு அனுப்பும் ஜாப் அது. முக்கியமானது, அதற்கென்று தனியாக ஓர் ஆள் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். அந்த ஆள்தான் அண்ணா.

அப்போது ஆள் குறைப்புப் பேச்சு பலமாக அடிபட்டது. ப்ராஜெக்ட்டில் வேலை இல்லை என்று எடுத்துவிட்டால், அடுத்தது கிடைக்கும்வரை சும்மா பெஞ்சில் உட்கார வைப்பார்கள். இருபத்தைந்து வயதில் பெஞ்ச் கிட்டத்தட்ட விடுமுறை மாதிரி. நாற்பத்தெட்டு வயதில் பெஞ்சுக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. கொஞ்ச நாளில் எச்.ஆர். கூப்பிடும், தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்லும், ராஜினாமா எழுதி வாங்கும், அவ்வளவுதான். அண்ணாவுக்கு நாற்பத்தெட்டு. பெண் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அந்த ஜாப்தான் அவரை ப்ராஜெக்ட்டில் பிடித்து வைத்திருந்தது, அது அவருக்கும் தெரியும்.

சும்மா இருக்கும் நேரத்தில் போனை நோண்டாமல் ஸ்கிரிப்ட்டை நோண்டுகிற ஆள் அவர். ஒருநாள் கூப்பிட்டார்.

“இங்க வாம்மா, இதப் பாரு. கிறுக்கு புடிச்சிடும்.”

பார்த்தேன். வாடிக்கையாளர் எப்போதோ ஃபோல்டர்களை இடம் மாற்றியிருக்கிறார். ஸ்கிரிப்ட்டின் முதல் வேலை பழைய ஃபோல்டருக்குப் போவது. அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை என்று கம்ப்யூட்டர் தினமும் சொல்லத்தான் செய்தது, ஸ்கிரிப்ட்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஷெல்லின் குணம் அது. தோற்றால் நில் என்று நாம் எழுதி வைக்காவிட்டால், ஒரு வரி தோற்றாலும் அடுத்த வரிக்குப் போய்விடும். போய், எந்தக் கோப்பும் கிடைக்காமல், ஒன்றுமில்லாததைக் கட்டி, அதை ஒழுங்காக அனுப்பியும் வைத்திருக்கிறது. கடைசி வரியில் எக்சிட் ஜீரோ. அதாவது, நடுவில் என்ன நடந்திருந்தாலும் பூஜ்யம் என்று சொல்லிவிட்டு வெளியே வா.

இந்தக் கடைசி வரி எங்கள் குழுவின் வழக்கம். யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு ஜாப் சிவப்பானால் வாடிக்கையாளருக்குத் தானாக ஒரு டிக்கெட், அதாவது புகார்ச் சீட்டு, போகும். டிக்கெட் போனால் மீட்டிங், மீட்டிங் என்றால் விளக்கம், விளக்கம் சொன்னால் அதை ஏன் முன்பே பார்க்கவில்லை என்று இன்னொரு மீட்டிங். இத்தனை பேஜாருக்கு ஒரு வரி எழுதிவிடுவது சுலபம். புதிதாக எழுதும் ஸ்கிரிப்ட்டிலும் முதலில் கடைசி வரியைத்தான் போடுவோம், பிள்ளையார் சுழி மாதிரி.

எத்தனை நாளாகக் காலியாகப் போகிறது என்று பின்னோக்கிப் பார்த்தார். ஏழெட்டு மாதம் இருக்கும். தினமும் காலி டிபன் கேரியரைக் கொடுத்தனுப்பியிருக்கிறோம், அந்தப் பக்கம் யாரும் பசிக்கிறது என்று சொல்லவில்லை. அதுதான் எனக்கு முதலில் உறைத்தது. அவருக்கு அது உறைக்கவில்லை.

குழுத் தலைவர் அண்ணாவைவிட இளையவர், அவரை ஜி என்று கூப்பிடுவார். நாங்கள் இருவரும் போய் விஷயத்தைச் சொன்னதும் அறைக் கதவைச் சாத்தினார்.

“ஜி, இவ்ளோ நாளா யாராவது கேட்டாங்களா? கேக்கலல்ல? நாமளா போய் எதுக்கு சொல்லணும்? ஃபோல்டர் எங்கன்னு வேற ஏதாவது பேச்சோட பேச்சா விசாரிச்சு மாத்திடுவோம். சைலண்ட்டா முடிச்சிடலாம்.”

“அதுவரைக்கும் காலியாவே அனுப்பச் சொல்றீங்களா?”

“இப்பவும் அப்படித்தானே போவுது?”

வெளியே வந்ததும் நானும் சொன்னேன். “விட்டுடுங்கண்ணா. நேரம் சரியில்ல.”

“தினமும் என் பேரப் போட்டு சக்சஸ்னு மெயில் அனுப்பறேன்மா. நான் பாத்தேன்னு எழுதறேன். நான் என்னத்தப் பாத்தேன்?”

அவர் பிடிவாதக்காரர் இல்லை. ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்பதில்கூட செக்யூரிட்டி சொன்னபடி கேட்பவர். இந்த ஒன்றில் மட்டும் அசையவில்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து திருத்தினார். அந்தக் கடைசி வரியை எடுத்தார். ஃபோல்டருக்குப் போக முடியாவிட்டால் அங்கேயே நில், எண் இரண்டு. கோப்பு காலியாக இருந்தால் நில், எண் மூன்று. அனுப்ப முடியாவிட்டால் நான்கு. “எங்க நின்னுச்சுன்னு நம்பரப் பாத்தே தெரிஞ்சிடணும்” என்றார். வேலை சுத்தமாக இருந்தது. எங்கள் குழுவில் அப்படி எழுதப்பட்ட ஸ்கிரிப்ட் வேறு கிடையாது. தலைவர் முணுமுணுத்துக்கொண்டேதான் அனுமதி கொடுத்தார். பின்னால் பிரச்சினை வந்தால் தான் வேண்டாமென்று சொன்னதாக இருக்க வேண்டும் என்று என்னையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை திரையில் அண்ணாவின் ஜாப் மட்டும் சிவப்பாக இருந்தது. பக்கத்தில் எண் இரண்டு. அண்ணாவின் முகத்தில் சந்தோஷம். “இப்பதாம்மா ஒழுங்கா வாயத் தொறந்து சொல்லுது” என்றார்.

வாடிக்கையாளருக்கு டிக்கெட் போயிற்று. திட்டு வரும் என்று எதிர்பார்த்து, நடந்தது என்ன, இனி நடக்காமலிருக்க என்ன செய்திருக்கிறோம் என்றெல்லாம் ஒரு பக்கத்துக்கு எழுதித் தயாராக வைத்திருந்தார். டீக்கடையில் எனக்குப் படித்தும் காட்டினார். நன்றாகத்தான் எழுதியிருந்தார்.

சாயங்காலம் பதில் வந்தது. இரண்டு வரி. இந்தத் தொகுப்பை இப்போது நாங்கள் பயன்படுத்துவதில்லை, இந்த ஜாப்பை நிறுத்திவிடலாம். கவனத்துக்குக் கொண்டுவந்ததற்கு நன்றி. பின்னால் ஒரு சிரிப்புப் பொம்மை.

அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு, எப்போதிலிருந்து பயன்படுத்தவில்லை என்று கேட்டு எழுதினார். அதைக் கேட்டிருக்க வேண்டாம். அவர்களும் மரியாதையாகவே பதில் போட்டார்கள். புதிய மென்பொருள் வந்ததிலிருந்து இது தேவைப்படவில்லை, அதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்தப் புதிய மென்பொருள் வந்தது அண்ணா இந்த ப்ராஜெக்ட்டில் சேர்வதற்கும் முன்னால். ஆக, காலியாகப் போன மாதங்கள் மட்டுமில்லை. நிறைந்து போன வருடங்களிலும் அதை யாரும் திறந்து பார்த்ததில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அந்தச் சிரிப்புப் பொம்மை மேல் வந்தது, தலைவர் மேல் வந்தது, கொஞ்சம் அண்ணா மேலேயும் வந்தது. அவர் கோபப்படவில்லை. ஜாப்பை நிறுத்த வேண்டுமல்லவா, அதற்கான வேலையைப் பார்த்தார். நின்றதா என்று சரிபார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

“நான் அன்னைக்கே சொன்னேன்ல ஜி” என்று தலைவர் ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார், அந்த அளவுக்கு மனுஷன்தான். ஜாப் இல்லை என்றால் அதற்கென்று ஓர் ஆளும் தேவையில்லை. மாதக் கடைசியோடு ப்ராஜெக்ட்டிலிருந்து விடுவிக்கிறோம் என்று மெயில் வந்தது. அதில் அவருடைய பங்களிப்புக்குப் பாராட்டும் இருந்தது.

பாக்கியிருந்த நாட்களில், அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை. ஆனாலும் காலையில் வந்து உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டேயிருந்தார். டீக்கடைக்கும் வரவில்லை. “இன்னாக்கா, அண்ணன் லீவா?” என்று கடைக்காரர் கேட்டார். உள்ளேதான் இருக்கிறார் என்றேன்.

என்ன தட்டிக்கொண்டிருந்தார் என்பது கடைசி நாளில்தான் தெரிந்தது. போகும் முன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“உன் ஜாப் எல்லாத்துலயும் அந்தக் கடைசி வரிய எடுத்துட்டேன்மா. செக் எல்லாம் போட்டாச்சு, டெஸ்ட்ல ஓட்டியும் பாத்துட்டேன். தினமும் ஓடற ப்ரொடக்ஷனுக்குப் போக உன் ஓகே மட்டும்தான் பாக்கி. நீயாவது நெசமாவே பாத்துட்டு மெயில் போடு.”

ரொம்ப தேங்க்ஸ் அண்ணா என்றேன். மனதாரத்தான் சொன்னேன். இத்தனை வருடத்தில் அந்த அலுவலகத்தில் எனக்காக யாரும் அவ்வளவு வேலை செய்ததில்லை.

பெஞ்சிலிருந்து அவரைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாயிற்று என்று கேள்விப்பட்டேன். இப்போது காலை ஷிப்ட்டில் நான் மட்டும்தான். என் ஜாப்கள் எல்லாம் பச்சை. அவர் திருத்தி வைத்தது அப்படியே என் ஒப்புதலுக்காக வரிசையில் நிற்கிறது, அழுத்த வேண்டியது ஒரு பொத்தான். நான் அனுப்பும் கோப்புகளை அந்தப் பக்கம் யாராவது திறக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. அழுத்தி, ஏதாவது சிவப்பாகி டிக்கெட் போனால் ஒரே நாளில் தெரிந்துவிடும். இன்னும் அழுத்தவில்லை.