பதினைந்தாவது பெயர்

எங்கள் சித்தி ஏ.சி. மெக்கானிக் ஆவதற்குப் பதினைந்து பெண்கள் தேவைப்பட்டார்கள். ஒருத்தி படிக்க மற்ற பதினாலு பேர் எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். பயிற்சி நிலையத்தின் சட்டம் அப்படி. தாராவி தொண்ணூறு அடி சாலையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் ஒரே ஓர் அறைதான் அந்த நிலையம். சுவரில் மூன்று ஏ.சி., மூலையில் கதவு இல்லாத ஒரு ஃபிரிட்ஜ், நடுவில் ஒரு நீள மேசை. பெண்களுக்கு மட்டும் மூன்று மாத இலவசப் பயிற்சி. முடித்தவர்களில் ஆறு பேரை விக்ரோலியில் ஒரு சர்வீஸ் கம்பெனி அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்ளும். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பதினைந்து பெயர் சேராமல் பேட்ச் தொடங்காது என்பது ஒன்றுதான் இடித்தது.

சித்தி அம்மாவின் தங்கை. பத்தாவது முடித்துவிட்டு ஊரிலிருந்து வந்து எங்களோடு இருந்தாள். தோல் பை தைக்கும் பட்டறையில் ஜிப் வைக்கும் வேலை. அங்கே ஃபேன் நின்றுபோனால் ரிப்பேர்காரர் வரும்வரை எல்லோரும் வேர்த்து வழிய உட்கார்ந்திருப்பார்களாம். ஒருநாள் பொறுமை போய் சித்தியே அதைக் கழற்றி ஓட வைத்துவிட்டாள். அன்று பிடித்தது பைத்தியம். ஜூன் மாதம் அந்த நிலையத்தில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டு, அடுத்த வாரமே வகுப்பு என்று நம்பி ஒரு டெஸ்டரும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஜூலையில் பத்துப் பேர் சேர்ந்தார்கள். ஆகஸ்டில் பதினாலு. சித்திக்குத் தரையில் கால் நிற்கவில்லை. அதற்குள் ஒருத்தி வாடகை கட்டுப்படியாகாமல் தேவ்நார் பக்கம் குடிபோனாள். இன்னொருத்திக்கு வேறு வேலை கிடைத்தது. மூன்று பேர் தசராவுக்கு ஊருக்குப் போய், தீபாவளியையும் முடித்துவிட்டே வருவோம் என்று அங்கிருந்து சொல்லியனுப்பினார்கள். ஊரில் விசேஷம் என்று காதில் விழுந்தால் எங்கள் ஆட்களுக்கு மும்பையில் இருப்புக் கொள்ளாது. நிலையத்தின் மேடம் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, "பந்த்ரா ஹோனா, தபீச் சாலு" என்பார். பதினைந்து ஆனால்தான் ஆரம்பம். அந்த இந்தி வாக்கியம் எங்கள் தெருவில் பால்வாடிப் பிள்ளைக்குக்கூட மனப்பாடம்.

அப்போதுதான் சித்தி என்னை வேலைக்கு எடுத்தாள். எனக்கு ஒன்பது வயது. மதிய ஷிப்ட் பள்ளிக்கூடம். சாயங்காலம் பை வைத்ததும் நானும் சித்தியும் கிளம்பிவிடுவோம். என் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பெயர்ப் பட்டியல். வீடு வீடாகப் போய், ஆள் இருக்கிறாளா, மனம் மாறவில்லையா என்று பார்த்து டிக் போடுவது என் பொறுப்பு. போனில் கேட்டால் சரி சரி என்றுதான் சொல்வார்கள், முகத்தைப் பார்த்தால்தான் தெரியும் என்பது சித்தியின் கட்சி. மசாலா பாக்கெட் போடும் முஸ்லிம் அக்கா ஒருத்தி, லாத்தா என்று கூப்பிடுவோம், அவள் மட்டும் எனக்கு நாளொரு பிஸ்கட் தருவாள். அவள் பெயருக்கு நேரே டிக் கொஞ்சம் பெரிதாக விழும்.

அம்மாவுக்கு இதெல்லாம் கேலி. அப்பா சைக்கிளில் மாட்டுங்காவுக்கு இட்லி கொண்டுபோய் விற்பவர். விடியுமுன் அவித்து இறக்கி, அவரை அனுப்பி, பாத்திரம் கழுவி முடித்தால் அம்மாவின் காலை முடிந்துவிடும். மறுபடி மூன்று மணிக்குத்தான் மாவு. நாங்கள் திரும்பும்போது கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே, "ஏட்டி, இன்னைக்கு எத்தன பேரு?" என்று கேட்பாள். நான் சொன்னதும், "இவளுவ ஏ.சி. மாட்டி, அதுல காத்து வந்து, நாம குளுந்து" என்று சிரிப்பாள். சித்திக்கு முகம் சுருங்கிவிடும்.

தீபாவளி முடிந்ததும் மேடம் கெடு வைத்தார். வருகிற திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் பதினைந்து பேர் நேரில் வந்து பெயர் பதியாவிட்டால் மெஷின்களெல்லாம் மான்குர்து கிளைக்குப் போய்விடும். இங்கே அடுத்த பேட்ச் கோடை கழிந்துதான். விக்ரோலி கம்பெனியோ கோடைக்கு முன்பு மட்டுமே ஆள் எடுக்கும். ஆக, சித்திக்கு ஒரு வருடம் போய்விடும். ஊரில் தாத்தா ஏற்கெனவே ஜாதகத்தைக் கையில் எடுத்திருந்தார்.

"இந்த வருசம் விட்டாச்சுன்னா அவ்வளவுதான். என்னையக் கூட்டிட்டுப் போயிக் கெட்டிக் குடுத்துருவாவ" என்றாள் சித்தி. அவள் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வந்தது.

ஒரு வாரம் தெருத்தெருவாக அலைந்தோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பட்டியலில் பதினைந்து. பதினான்கு வீட்டிலும் ஆளைக் கண்ணால் பார்த்து டிக் போட்டேன், சித்தியின் பெயருக்கும் சேர்த்து. திங்கள் காலை பத்து மணிக்கு எல்லோரும் மாடியில் கூடினார்கள். எண்ணினால் பதினாலு. குழாயடிச் சந்தில் இருந்த அக்காவைக் காணோம். மாமியாருக்கு முடியவில்லை என்று தகவல் வந்து, அதிகாலையிலேயே ரயிலேறிவிட்டாளாம். சித்தி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மணி பதினொன்றைத் தாண்டியது.

யாரும் என்னிடம் யோசனை கேட்கவில்லை. நான் படியிறங்கி ஓடினேன். அம்மா வாசலில் இட்லித் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லி, "நீ வாம்மா. சும்மா வந்து உக்காந்தாப் போதும். எண்ணிக்கைக்குத்தான்" என்றேன்.

"எனக்கு வேற சோலி இல்லயாட்டி? ஒங்க அப்பா கேட்டா என்ன சொல்லுவ?" என்றாள். பிறகு கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "ஒங்க சித்தி அழுதாளா?"

"ஆமா."

அம்மா உள்ளே போனாள். அவளைக் கெஞ்ச நான் இன்னும் நாலு வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலையில்லாமல் போயிற்று. ஐந்தே நிமிடத்தில் நல்ல சேலை கட்டி, தலைவாரி, கையில் ஒரு மஞ்சள் பையோடு வெளியே வந்தாள். வழியெல்லாம், "எல்லாம் ஒங்க சித்திக்காவத்தான்" என்று எனக்கும், எதிரில் வந்த இரண்டு பேருக்கும் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

நாங்கள் மாடியேறியபோது பன்னிரண்டாக இருபது நிமிடம். மேடம் அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஃபோட்டோவும், ரேஷன் கார்டு நகலும், எட்டாவது படித்த சான்றும் கேட்டார். சித்தியின் முகம் செத்துப்போனது. தன் அக்கா ஊரில் எட்டாவது படித்தது அவளுக்குத் தெரியும். ஆனால் படிப்பை நிறுத்தியபோது டி.சி. வாங்காமலே விட்டதும் அவளுக்குத் தெரியும்.

அம்மா மஞ்சள் பையைத் திறந்தாள். இரண்டு ஃபோட்டோ. ரேஷன் கார்டு நகல். பிறகு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து டி.சி. மொடமொடவென்று புதுத்தாள், ஓரத்தில் தலைமையாசிரியரின் ஊதா முத்திரை. மேடம் "பஹுத் அச்சா" என்று சொல்லித் தட்டச்ச ஆரம்பித்தார். சித்தி அம்மாவையே பார்த்தாள். அம்மா சுவரில் இருந்த ஏ.சி.யைப் பார்த்தாள். நானோ என் சாமர்த்தியத்தை நானே மெச்சியபடி பிஸ்கட் லாத்தா பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

சாயங்காலம் அப்பா வந்ததும் அம்மா முந்திக்கொண்டாள். "ஒங்க கொழுந்தியா கண்ணக் கசக்கிட்டு நின்னா. ஒங்க மவ வந்து கையப் பிடிச்சு இழுத்தா. நாலு நாளு போயி உக்காந்துட்டு வாரேன்." கொழுந்தியாள் அழுதாள் என்ற பிறகு எந்த மனிதர் என்ன பேச முடியும்? அப்பா தலையாட்டினார். தெருவிலும் ஒருவர் தப்பாக ஒரு சொல் சொல்லவில்லை. தங்கை மேல் என்ன பாசம் என்று வியந்தார்கள்.

நாலு நாள் மூன்று மாதமானது. எங்கள் வீட்டு டேபிள் ஃபேனை அம்மா எத்தனை முறை பிரித்தாள் என்பதற்குக் கணக்கில்லை. அப்பா உளுந்து களையப் பழகினார், ஒரு வாரம் இட்லி கல்லாக இருந்ததையும் மாட்டுங்கா பொறுத்துக்கொண்டது. விக்ரோலிக்காரர்கள் எடுத்த ஆறு பேரில் சித்தியின் பெயர் முதலாவது, அம்மாவின் பெயர் நாலாவது. சித்தி பிறகு தன் விருப்பப்படி, தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு பெங்களூர் போனாள். அம்மா இன்றும் செம்பூர் கட்டிடங்களில் டூல் பையோடு லிஃப்டில் ஏறி இறங்குகிறாள். யாராவது கேட்டால், தங்கச்சிக்காகப் போய் மாட்டிக்கொண்டதாகவே சொல்கிறாள்.

அவளை இந்தத் தொழிலில் தள்ளியது நான்தான் என்று வெகுகாலம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். போன வருடம் என் பள்ளிச் சான்றுக்கு ஒரு நகல் தேவைப்பட்டது. அடுத்த தெருவில் இருக்கிற பள்ளிக்கூடம்தான். மனு எழுதி, கையெழுத்துக்கு நடந்து, தாள் கைக்கு வர ஐந்து வாரம் ஆயிற்று. அந்த வாசலில் காத்துக்கிடந்தபோதுதான் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியும், யாரிடமோ சொல்லி, யாரையோ அனுப்பி, யாருக்கும் தெரியாமல் அம்மா வரவழைத்த அந்தப் புதுத்தாளும் என் மண்டையில் உறைத்தன.

பிள்ளை பெற்றவள், இட்லிக்காரர் மனைவி, எனக்கும் படிக்க ஆசை என்று தானாகப் பெயர் கொடுத்திருந்தால் தெருவே சிரித்திருக்கும். யாராவது கூப்பிட வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். நானோ நோட்டும் பேனாவுமாகப் பதினான்கு வீட்டு வாசலில் நின்று, "நீங்க வருவீங்கல்லா?" என்று தினமும் கேட்டேன். எங்கள் வீட்டில் கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் அதை ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.