வாய்க்கால் ஓடிய கடைவீதி

தில்லியில் நான் பார்த்தது ஒரே ஒரு தெருதான். செங்கோட்டைக்கு எதிரே ஆரம்பித்து மேற்கே ஒரு மசூதி வாசலில் முடிகிற பழைய கடைவீதி, சாந்தினி சவுக் என்பார்கள். கூட வந்தவர்கள் அதற்கப்புறம் என்னென்னவோ பார்த்தார்கள், போட்டோ பிடித்தார்கள். எனக்கு அந்த ஒரு தெருவே போதுமென்று ஆகிவிட்டது. இன்றைக்குக் கேட்டாலும் எந்தப் பக்கம் மிட்டாய்க்கடை, எங்கே வெள்ளிக்கடைச் சந்து என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதன் முழு நீளத்துக்கும் அன்று நடந்தேன், ஒரு முறைக்கு இரண்டு முறை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். தை அறுப்பு முடிந்து வயல் சும்மா கிடந்தது. கோயமுத்தூரிலிருந்து காசிக்கும் தில்லிக்கும் கூட்டிக்கொண்டு போகிற குழுவொன்றில் நாங்களும் போனோம். நாற்பது பேர். பாதிக்கு மேல் எங்கள் தாராபுரத்துப் பக்கத்து ஆட்கள். எல்லாரும் சொந்தம், இல்லையென்றால் பங்காளி.

என் மகன் வேண்டாமென்றுதான் சொன்னான்.

"அப்பனைக் கூட்டிக்கிட்டு அத்தன தூரம் வேண்டாம்மா. அங்க போயி என்னாச்சும் ஆச்சுன்னா?"

"உங்கப்பனுக்கு என்ன கேடு வந்துச்சு? நல்லாத்தான இருக்கறாரு" என்றேன்.

நல்லா இல்லை. அது எனக்குத் தெரியும். இரண்டு வருடமாகவே தெரியும். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து மறுபடி இலை முன்னால் உட்கார்ந்து "சோறு போடு புள்ள" என்பார். எப்போதோ விற்றுவிட்ட மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா என்று கேட்பார். முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. யாராவது வீட்டுக்கு வந்து அவரிடம் ஏதாவது கேட்டால், அவர் வாயைத் திறக்கும் முன்னே நான் பதில் சொல்லிவிடுவேன். வாயாடி என்று பேர் வந்தது. வந்தால் வரட்டும் என்று இருந்தேன்.

அதை ஏன் அப்படி மூடி வைத்தேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் அமராவதி வாய்க்கால் பாசனம். யாருக்கு எந்தக் கிழமை முறை, எத்தனை நேரம், எந்த மடையைத் திறந்து எந்த மடையை அடைப்பது என்பது முழுக்க என் வீட்டுக்காரர் தலைக்குள் இருந்தது. எழுதி வைத்தது கிடையாது. வரப்பில் நின்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அடிக்கக் கை ஓங்கினவனும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான். அந்தத் தலையில் ஓட்டை விழுந்துவிட்டது என்று நான் எந்த வாயால் சொல்வேன்? யாத்திரைக்குப் பேர் கொடுக்கவில்லை என்றால், ஏன் போகவில்லை என்று ஊர் கேட்கும். அதனாலேயே பேர் கொடுத்தேன். குழு நடத்துகிறவர் "ஐயாவுக்கு ஒடம்பு தெம்பா இருக்குதுங்களா?" என்று கேட்டபோது, "என்னைவிட நல்லா நடப்பாருங்க" என்று சொன்னதும் நான்தான்.

தில்லியில் தெருவைச் சுற்றிக் காட்ட ஒருவர் வந்தார். அங்கேயே குடியேறிவிட்ட தமிழர். கையில் ஒரு கம்பு, அதன் நுனியில் மஞ்சள் துணி.

"இந்தத் துணி எங்க போகுதோ அங்க நீங்க வரணும். துணியை நீங்க விட்டா, தில்லி உங்களை விட்டுடும்" என்றார்.

"கெடா வெட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போற மாதிரியே இருக்குதுங்களே" என்று எங்கள் ஆட்களில் ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தோம்.

நடந்தோம். ஊரில் கோயிலுக்குப் போகிற மாதிரியேதான்: ஆண்கள் முன்னால், நாங்கள் பின்னால். நான் அவருக்கு நாலடி பின்னால். கல்யாணமான நாளிலிருந்து அந்த நாலடிதான் கணக்கு. அவர் நின்றால் நிற்பேன், அவர் திரும்பிப் பார்த்தால் நான் இருப்பேன். அவர் முகத்தைவிட அவர் பிடரியைத்தான் நான் அதிகம் பார்த்திருப்பேன்.

அந்தத் தெருவில் அப்படி நடக்க இடமில்லை. ரிக்‌ஷாவும் கைவண்டியும் தலைச்சுமைக்காரர்களும் இடித்துக்கொண்டு வந்தார்கள். மேலே கரண்டுக் கம்பிகள் தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி சிக்கிக் கிடந்தன. என் பக்கத்தில் பீளமேட்டு டீச்சர் ஒருவர் வந்தார், ரிட்டயர் ஆனவர், ரயிலில்தான் பழக்கம். என்னத்தைக் கவனித்தாரோ, மெதுவாகச் சொன்னார்:

"அக்கா, மாமன் கையப் புடிச்சுக்கங்க. கூட்டம் ஒரு மாதிரியா இருக்குது."

"நல்லாச் சொன்னீங்க போங்க! இத்தன வருசமாக் கையப் புடிச்சுட்டா நடந்தோம்? எங்க ஊரு சனம் அத்தனையும் பின்னாடி வருது. என்ன நெனைக்கும்?"

"ஒண்ணும் நெனைக்காதுங்க்கா."

"நீங்க பட்டணத்துக்காரங்க. உங்களுக்குச் சரி" என்றேன். என் குரலில் கொஞ்சம் இளக்காரமும் இருந்தது.

தெரு நடுவில் ஓரிடத்தில் வழிகாட்டி கம்பை ஊன்றி நின்றார்.

"ஒரு பாதுஷாவோட மக போட்ட கடைவீதி இது. இப்ப நாம நிக்கிற இடத்துல, தெருவுக்கு நடுவுல, ஒரு கால்வாய் ஓடிச்சு. நிலா அந்தத் தண்ணியில தெரியுமாம். அந்த நிலாதான் இந்தத் தெருவுக்குப் பேரு."

என் வீட்டுக்காரர் முன்னால் போனார். காலையிலிருந்து வாய் திறக்காத மனுசன், தெளிவாகக் கேட்டார்:

"இப்பத் தண்ணி எங்கீங்க?"

"மூடிட்டாங்க ஐயா. வெள்ளைக்காரன் காலத்துலயே மூடியாச்சு."

"மூடுனா? அப்பறம் கடமடைக்காரன் என்ன பண்ணுவான்? அவன் பயிர் காஞ்சு போகாதுங்களா?"

வாய்க்கால் போய் முடிகிற கடைசி வயல்தான் கடமடை. எங்கள் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "மாமா, தில்லிக்கு வந்தும் மடையை உடமாட்டீங்க போல!" என்று ஒருவர் அவர் தோளில் தட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாருங்கடா, எப்படிக் கேட்டார் பாருங்க என்று நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த சந்து முனையில் மூட்டை ஏற்றிய கைவண்டிகள் வரிசையாக எங்களுக்குக் குறுக்கே போயின. அவை தாண்டியதும் முன்னால் வெள்ளை வேட்டி, பச்சைக்கரைத் துண்டு தெரிந்தது. அதன் பின்னாலேயே நாலடி விட்டு நடந்தேன். மிட்டாய்க்கடை அருகே அந்த ஆள் திரும்பினார். எங்கள் ஊர்ப் பங்காளி. என் வீட்டுக்காரர் இல்லை.

அப்போதே சத்தம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. "அண்ணன் எங்கீங்க?" என்று அந்தப் பங்காளியே கேட்டார்.

"ஒண்ணுக்குப் போயிருக்கறாரு. வந்துருவாரு" என்றேன்.

இதைத்தான் நான் இன்று வரைக்கும் என்னிடமே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன். தொலைந்தவர் பக்கத்திலேயே எங்கோ இருந்திருப்பார். நாற்பது பேரும் அப்போதே தேடியிருந்தால் எட்டிப் பிடித்திருக்கலாம். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, தெருவின் இரண்டு ஓரத்தையும் கண்ணால் துழாவிக்கொண்டு, அரை மணி நேரம் மஞ்சள் துணிக்குப் பின்னால் நடந்தேன். எண்ணெய்ச் சட்டியில் ஜிலேபி பிழிந்தார்கள். பார்த்தேன். பறவைகளுக்கு ஒரு ஆஸ்பத்திரி என்றார்கள். அதையும் பார்த்தேன். நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பதை டீச்சர்தான் கவனித்தார்.

"அக்கா, பொய் சொல்லாதீங்க. மாமன் எங்க?"

"தெரீலீங்க அம்மணி" என்றேன். அப்புறம் நின்றபடியே அழுதேன்.

வழிகாட்டி எங்களைக் கோட்டைக்கு எதிரே இருந்த போலீஸ் பூத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே மைக் இருந்தது. போலீஸ்காரர் இந்தியில் ஏதோ சொன்னார்.

"உங்க குரல் கேட்டா வருவாராம். பேரைச் சொல்லி நீங்களே கூப்பிடுங்கம்மா."

பேரை நான் எங்கே சொல்ல? ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னாலும் என் குரலில் அந்தப் பேர் அவருக்கு அடையாளம் தெரியாது. மைக்கை வாய்க்கு அருகில் வைத்து, வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டேன்.

"ஏனுங்க... ஏனுங்க... நான் கோட்டைக்கு முன்னால நிக்கறனுங்க. இங்க வாங்க. ஏனுங்க..."

அது தெரு முழுக்கக் கேட்டது. எங்கிருந்தோ திரும்பி வந்த என் குரலே எனக்கு யாரோ ஒரு பொம்பளை குரல் மாதிரி இருந்தது. "இதைக் கேட்டா நம்ம ஜில்லா ஆம்பளைங்க அத்தன பேரும் வந்து நிப்பாங்க அக்கா" என்று டீச்சர் என்னைத் தேற்றப் பார்த்தார். யாரும் வரவில்லை. நான்கு தடவை கூப்பிட்டேன்.

அப்போதுதான் குனிந்து ரோட்டைப் பார்த்த அவர் முகம் என் மனசில் வந்து நின்றது. வழிகாட்டியைக் கேட்டேன்:

"அந்த வாய்க்கா எந்தப் பக்கமிருந்து வந்துச்சுங்க?"

"இப்ப எதுக்கும்மா அது?"

"சொல்லுங்க."

"மேற்கே இருந்து. மசூதிப் பக்கத்துலேர்ந்து இந்தக் கோட்டைக்கு வந்துச்சுன்னு சொல்வாங்க."

தண்ணீர் வராவிட்டால் பாசனக்காரன் கீழே தேட மாட்டான். வாய்க்காலின் தலைமடை எங்கே அடைத்திருக்கிறது என்று மேலேதான் போவான். "மேக்கால போலாமுங்க" என்று சொல்லிவிட்டு நான் முன்னால் நடந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஆண்களுக்கு முன்னால் நடந்தேன்.

மசூதிக்குக் கொஞ்சம் இப்பால், மிளகாய் மண்டிகள் இருக்கிற இடத்தில், சிறு கூட்டம். தும்மிக்கொண்டே உள்ளே புகுந்தேன். குழாய் ஒன்று கசிந்து சாக்கடை ஓரம் சேறாகிக் கிடந்தது. அதில் அவர் குந்தி உட்கார்ந்து, துண்டைத் தலையில் கட்டி, உடைந்த செங்கல்லால் சேற்றை வெட்டி வழி பண்ணிக்கொண்டிருந்தார். ஒரு விரற்கடை அகலத்துக்குத் தண்ணீர் ஓடியது. கடைக்காரர் இந்தியில் கத்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவர் நிமிராமல் மரியாதையாகப் பதில் சொன்னார்:

"சித்த பொறுங்க. உங்க முறை வந்துரும். யாரையும் உட்டுட மாட்டன்."

எங்கள் ஊர்க்காரர்கள் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு வருடம் நான் மூடி வைத்தது எல்லாம் அந்தச் சேற்றில் திறந்து கிடந்தது.

நான் குனிந்து, "ஏனுங்க" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். நல்ல தெளிவான கண்.

"நம்மூர்ப் பேச்சா இருக்குது. எந்த ஊருங்க அம்மணி? எந்த மடை உங்களுது?"

"கடமடைதானுங்க" என்றேன்.

"அப்பச் சாயங்காலம் ஆயிருமுங்க. ஊட்டுக்குப் போயிட்டு அப்பறம் வாங்க."

அவர் கையைப் பிடித்துத் தூக்கினேன். அத்தனை பேர் பார்க்கப் பிடித்தேன். அவர் சேற்றுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"கைய உடுங்க அம்மணி. நாலு பேரு பாக்கறாங்க. என்ற ஊட்டுக்காரி பின்னால வந்துட்டிருக்கறா. பாத்தா சங்கடப்படுவா."

சொல்லிவிட்டுத் திரும்பி, தனக்கு நாலடி பின்னால் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

நான் கையை விட்டேன். சுற்றிப் போய், அந்த நாலடியில் நின்றேன். இங்கே பார்த்தால் தெரியுமோ என்று நினைத்தேன். அவர் கண் என் மேல் பட்டது, நிற்கவில்லை. எனக்குப் பின்னால் கூட்டத்துக்குள் போய்த் தேடியது.

"இன்னும் காணமே" என்றார்.

பங்காளி வந்து, "அண்ணா, தண்ணி திறந்தாச்சு, வாங்க போலாம்" என்று சொல்லி நடத்திக்கொண்டு போனார். அந்த முழுத் தெருவுக்கும் நான் பின்னாலேயே நடந்தேன். ரயிலில் நான் போகும்போது எல்லாரும் எழுந்து இடம் விட்டார்கள். திட்டியிருந்தால் தேவலை.

அதற்கப்புறம் மூன்று வருடம் இருந்தார். சோறு யார் போட்டாலும் தின்றார். படுக்கச் சொன்னால் படுத்தார். நான் யாரென்ற நினைவு அவருக்குத் திரும்ப வரவே இல்லை. சாயங்காலம் வாய்க்கால் கரையில் நடத்திக்கொண்டு போவேன். போகப் போக, கையை விடுங்கள் என்று சொல்வதும் நின்றுவிட்டது. ஆனால் கொஞ்ச தூரம் போனதும் தானாக நிற்பார். நின்று திரும்பிப் பின்னால் பார்ப்பார். நான் பக்கத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.