அப்பா செய்த நூல் டப்பா

அப்பா ஒரு தகர டப்பாவில் ஓட்டை போட்டார். அத்தையின் கல்யாணம் அதோடு நின்றுபோயிற்று. இப்படிச் சொன்னால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் என்னை அடிக்க வருவார்கள். அப்பா தங்கமான மனிதர், தங்கைக்கு ஒரு குறை என்றால் தாங்கமாட்டார், எல்லாம் எனக்கும் தெரியும். தங்கமான மனிதர் கையில் ஆணியும் சுத்தியலும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

யுத்த காலம் அது. மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் ஒரு சந்தில் குடியிருந்தோம். பரம்பரையாக வேதக்காரக் குடும்பம், அதாவது கிறிஸ்தவர்கள். அப்பாவின் தங்கை, என் அத்தை, ராயப்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நானும் அங்கேதான் மூன்றாம் வகுப்பு. தினமும் காலையில் லஸ் முனைக்கு நடந்து, அங்கே ட்ராம் ஏறுவோம்.

அத்தைக்கு லேஸ் பின்னுவதில் பைத்தியம். ஒரு க்ரோஷா ஊசியும் ஒரு நூல் உருண்டையும் இருந்தால் போதும், சோறு தண்ணி வேண்டாம். ஆனால் பின்ன நேரம் ஏது? காலையில் அம்மாவோடு அடுப்படி, சாயங்காலம் திருத்த வேண்டிய நோட்டுக் கட்டு, ராத்திரியானால் எதிரி விமானத்துக்குத் தெரியாதபடி விளக்கைக் கறுப்புத் துணி போட்டு மூடிவிடுவார்கள். ஆகவே அவளுடைய லேஸெல்லாம் வழியிலேயே வளர்ந்தது. மண்ணெண்ணெய் வரிசையில் கொஞ்சம், கோயிலில் பூசைக்கு மணி அடிக்கும்வரை கொஞ்சம். மணி அடித்த பிறகும் ஒரு தடவை விரல் ஓடியதைப் பார்த்துவிட்டு அம்மா முறைத்தாளே ஒரு முறைப்பு! ட்ராம்தான் அத்தைக்கு வசதி. உட்கார்ந்ததும் பையிலிருந்து எடுத்தால் இறங்கும்வரை நிமிரமாட்டாள்.

அந்த வருஷம் மாதா திருநாளுக்குள் பீடத்துணிக்கு லேஸ் வைத்துத் தருவதாக அப்பா பங்குச் சாமியாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். பின்னப்போகிறவளை ஒரு வார்த்தை கேட்டாரா என்றால், அது எங்கள் வீட்டு வழக்கமில்லை. அத்தைக்கு என்னவோ சந்தோஷம்தான். அன்னாசிப்பழ டிசைனில் தொடங்கினாள்.

ட்ராம் ஒரு வளைவில் திரும்பும்போது எல்லோரையும் குலுக்கி எடுக்கும். அத்தையின் மடியிலிருந்து நூல் உருண்டை குதித்து எதிர்ப் பலகைக்கு அடியில் ஓடும். எதிரில் தினமும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஏதோ இஞ்சினியர் ஆபீசில் படம் வரைகிறவர். கக்கத்தில் சுருட்டிய காகிதங்கள், சட்டைப்பையில் சீவிய பென்சில்கள். ஒல்லி ஆள். வழியில் சிலுவைக் கோபுரம் தெரிந்தால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். நம்ம ஆள்தான் என்று கண்டுபிடித்து அத்தையின் காதில் சொன்னேன். "தெரியும், சும்மா இரு" என்றாள்.

உருண்டையை அவர்தான் குனிந்து எடுப்பார். எடுத்தவுடன் கொடுத்துவிட மாட்டார். ஓடிய நூலையெல்லாம் மெதுவாகச் சுற்றுவார். சுற்றி முடிப்பதற்குள் இரண்டு வார்த்தை பேசிவிடுவார்.

"இது இலைங்களா, மீனுங்களா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"அன்னாசி" என்றாள் அத்தை.

"தலைகீழா இருக்குதே?"

"நீங்க அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கீங்க, அதான்."

இதற்கு இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்க இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

கல்யாணமாகாத பெண் ட்ராமில் ஓர் அந்நிய ஆண்பிள்ளையோடு பேசினால், அவள் வீடு போய்ச் சேருமுன் சேதி போய்ச் சேர்ந்துவிடும் காலம். நூல் உருண்டால் மட்டும் யாரும் வாயைத் திறக்க முடியாது. விழுந்ததை எடுத்துக் கொடுப்பது மரியாதை. வாங்கிக்கொண்டு பதில் சொல்வதும் மரியாதை. அத்தைக்கு அப்போதே வயசு ஏறியிருந்தது. வந்த வரன்களெல்லாம் வேலையை விடு, அதை விடு, இதை விடு என்றவை. இவரோ அவள் விரலையே அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர். இன்னும் கொஞ்ச நாள் அந்த உருண்டை உருண்டிருந்தால், "உங்க அண்ணன் எப்போ வீட்ல இருப்பாரு?" என்று கேட்டிருப்பார். அதற்குத்தான் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தார். இதை நான் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

லேஸ் ஓரளவு சேர்ந்ததும் அம்மா அதை அலசிப் பார்த்தாள். அங்கங்கே சாம்பல் நிறம். ஓரிடத்தில் வெற்றிலைச் சிவப்பு. எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

"பீடத்துக்குப் போற லேஸ்ல எவனோ துப்பின வெத்தலையா? எப்படி வந்துச்சு இது?"

"ட்ராம்ல உருண்டுடுது அண்ணி" என்றாள் அத்தை, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

அப்பாவுக்கு அது போதாதா? ஒரு கொக்கோ டப்பாவைத் தேடி எடுத்தார். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, அரத்தால் ராவி, நூல் அறுபடாமலிருக்க ஓட்டையைச் சுற்றிச் சைக்கிள் ட்யூப் ரப்பரை ஒட்டினார். உருண்டை உள்ளே, நூல் மட்டும் வெளியே. "இனிமே ட்ராமே கவுந்தாலும் உன் நூல் உருளாது பாரு!" என்று டப்பாவைத் தலைகீழாகக் குலுக்கிக் காட்டினார். நான் கைதட்டினேன். அத்தை மூடியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். "நல்லா இருக்குதுண்ணா" என்றாள். அண்ணன் விரலில் அரம் கிழித்த காயத்தோடு நிற்கும்போது வேறு என்னதான் சொல்வாள், பாவம்!

டப்பா அமோகமாக வேலை செய்தது. வளைவு வந்தது, எல்லோரும் சாய்ந்தார்கள், நூல் சாதுவாக இருந்தது. எதிரில் இருந்தவர் பழக்கதோஷத்தில் பாதி குனிந்துவிட்டு, தரையில் ஒன்றும் இல்லாததால் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டார். சில நாள் கழித்து எப்படியோ வாயைத் திறந்து, "நல்ல டப்பா" என்றார்.

"எங்க அண்ணன் செஞ்சது" என்றாள் அத்தை.

அவர் வெளியே பார்க்க ஆரம்பித்தார். லேஸ் பால் போல வெள்ளையாக வளர்ந்தது. அம்மாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

பிறகு ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியது. எங்களையும் திருச்சியில் அம்மாவின் பிறந்தகத்துக்கு அனுப்ப அப்பா முடிவு செய்தார். பள்ளிக்கூடம் மூடும் நாள், ட்ராமில் ஏறியதும் அத்தை டப்பாவிலிருந்து உருண்டையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "டப்பா, அத்தை?" என்றேன். "இன்னிக்கு வேணாம்" என்றாள். வளைவு வந்தது. கையை ஒரு பக்கமாக எடுத்துக்கொண்டாள்.

உருண்டை ஓடிற்று. ஆனால் அன்றைக்கு வண்டி நிறையத் தகரப் பெட்டிகளும் கோணி மூட்டைகளும். எதன்மீதோ மோதித் திரும்பி கண்டக்டர் காலடியில் போய் நின்றது. எதிரில் இருந்தவர் எழுந்து கையை நீட்டுவதற்குள் கண்டக்டர் குனிந்துவிட்டார்.

"இன்னா டீச்சரம்மா, டப்பா இன்னாச்சு? ஊரே ஓடுதுன்னு நூலும் ஓடிக்கினு கீதா?"

வண்டியே சிரித்தது. எதிரில் இருந்தவரும் சிரிக்கப் பார்த்தார், பிறகு உட்கார்ந்துகொண்டார். நாங்கள் இறங்கும்போது அத்தை படியில் நின்று ஒரு தடவை திரும்பினாள். மூட்டைகள்தான் தெரிந்தன.

எழும்பூரிலிருந்து திருச்சி போகும் ரயிலிலும் பின்னினாள், திருச்சியிலும் பின்னினாள். நல்ல வேகம். குண்டுப் பயம் தணிந்து நாங்கள் திரும்பி வந்தபோது லேஸ் முடிந்திருந்தது. திருநாளன்று பீடத்தில் அதைப் பார்த்துவிட்டுப் பங்குச் சாமியார் அப்பாவைப் பாராட்டினார்.

பள்ளிக்கூடம் திறந்தது. எதிர்ப் பலகையில் யார் யாரோ வந்து உட்கார்ந்தார்கள், அவர் வரவில்லை. போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை, அவரும் எந்த ஊரோடு தங்கிவிட்டாரோ. அத்தை புதிதாக ஒரு லேஸ் தொடங்கியிருந்தாள். ஒரு நாள் வண்டியில் கூட்டமே இல்லை. டப்பா பையிலேயே கிடந்தது. வளைவில் உருண்டை குதித்து, காலியாக இருந்த எதிர்ப் பலகைக்கு அடியில் போய் நின்றது.

"அத்தை, நூல்!" என்று எழுந்தேன்.

அவள் என் பாவாடையைப் பிடித்து உட்காரவைத்தாள். "இருக்கட்டும். கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

யுத்த காலத்தில் நூல் கிடைக்கிற கஷ்டத்தில், அழுக்குத் தரையில் அது பாட்டுக்குக் கிடந்தது. எனக்குத் தவிப்பாக இருந்தது. இறங்கும் இடம் வந்த பிறகு நான்தான் ஓடிப்போய் எடுத்து, பாவாடையில் துடைத்துக் கொடுத்தேன். அதற்கப்புறம் அவள் ட்ராமில் ஊசியைத் தொடவில்லை. கைவலியாக்கும் என்று நினைத்து, சாயங்காலம் அம்மாவின் தைலத்தை எடுத்துவந்து அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லாமல் அவளும் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.