முப்பத்து மூன்று வீட்டு அரிசி

மணப்பாட்டுக்குப் போனவர்கள் மூன்று பேர்: அம்மா, அக்கா, நான். அப்பா வரவில்லை. தண்ணீர் தெளிந்திருக்கும் நாளில் சங்கு குளிக்கிறவர் எவரும் கரையில் நிற்கமாட்டார். தமக்குப் பதிலாகத் தம் துண்டைத் துவைத்து மடித்துக் கொடுத்தனுப்பினார். "அரிசிய இதுல வாங்குலே" என்றார்.

நான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நேரத்தில் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அம்மா மணப்பாட்டுத் திருச்சிலுவைக்கு நேர்ந்திருந்தாள். மகன் பிழைத்துப் படித்து வேலைக்குப் போனால், ஆண்டவர் இவ்வுலகில் வாழ்ந்த ஆண்டுக் கணக்குக்கு முப்பத்து மூன்று வீட்டில் அரிசி கேட்டு வாங்கி, பொங்கி, வருகிறவர்களுக்கெல்லாம் போடுவது என்று. வீட்டுக்கு ஒரு கை அரிசிதான். யாருக்காக என்று கேட்டால் வாய் திறந்து சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டவனும் நான்தான்.

காலை 5.40. தூத்துக்குடியில் பேருந்து ஏறினோம். திருச்செந்தூர் நாற்பது கிலோமீட்டர், ஆளுக்கு முப்பது ரூபாய். ஆறுமுகநேரி வரும்போது விடிந்து, உப்புக் குவியல்கள் இளஞ்சிவப்பாகத் தெரிந்தன. அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே என் சட்டையைப் பார்த்தாள்.

"ஏலே, இஸ்திரி போட்ட சட்டையா போட்டுட்டு வந்த?"

"ஆபீசுக்குப் போடுறதும்மா."

"பொண்ணு பாக்கப் போறோம்னு நெனச்சிட்டான்" என்றாள் அக்கா.

7 மணிக்குத் திருச்செந்தூர். மூன்று தேநீர் முப்பத்தாறு ரூபாய். சாம்பாருக்குப் பருப்பும் காய்கறியும் இருநூற்று நாற்பது. அங்கிருந்து மணப்பாட்டுக்கு நகரப் பேருந்து. பெண்களுக்குக் கட்டணமில்லை, எனக்கு மட்டும் பதினைந்து ரூபாய். குலசேகரன்பட்டினம் தாண்டியதும் பனைகளுக்கு நடுவே மணல் குன்று தெரிந்தது. அதன் உச்சியில் வெள்ளைக் கோவில், பக்கத்தில் கலங்கரை விளக்கம். அம்மா இருக்கையிலிருந்து எழுந்து நின்று சிலுவை போட்டாள். "ஏம்மா, எறங்குற எடம் இன்னும் வரல" என்றார் நடத்துநர். "எனக்கு வந்துட்டுய்யா" என்றாள் அம்மா.

8.30. குன்றேறி, கோவிலில் முப்பது ரூபாய்க்கு மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றிவிட்டு இறங்கினோம். குன்றின் அடியில் நிழலான இடம் பார்த்து அடுப்புக் கூட்டினோம். பாத்திர வாடகையும் விறகும் இருநூறு. அம்மாவுக்கு முழங்கால் வலி. அதனால் ஆளுக்குப் பதினொரு வீடு என்று மூன்று தெருவாகப் பிரித்துக்கொண்டோம்.

என் தெருவின் முதல் வீட்டில், ஒரு அம்மாள் வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தார்.

"என்ன தம்பி வேணும்?"

நன்றி சொல்ல நான் கூச்சப்பட்டவன் இல்லை. வேலை கிடைத்த ஞாயிறன்று, பூசையில் வாசிக்கிற நன்றிச் சீட்டை நானே எழுதிக் கொடுத்தேன். நல்ல தமிழ் என்று பங்குச்சாமியாரே பாராட்டினார். ஆனால் அந்த வாசலில் கை மேலே எழும்பவில்லை. மடித்த துண்டு மடித்தபடியே கக்கத்தில் இருந்தது.

"லைட்ஹவுசுக்கு எந்த வழிக்கா?" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னா நிக்கி, பனைக்கு மேல ஒசரமா. கண்ணு தெரியலையா ஒனக்கு?"

அடுத்த பத்து வீட்டையும் தலையைக் குனிந்தபடி கடந்து போனேன். தெருக்கோடியில் ஒரு பலசரக்குக் கடை. "அண்ணாச்சி, ஒன்றரைக் கிலோ பொன்னி" என்றேன். கிலோ அறுபத்து நான்கு, மொத்தம் தொண்ணூற்றாறு ரூபாய். காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, நானே துணிப்பையில் கொட்டிக்கொண்டேன்.

10 மணிக்கு அடுப்படியில் மூவரும் கூடினோம். அம்மா தன் அரிசியைச் சுளகில் கொட்டினாள். பச்சரிசி, புழுங்கல், ரேஷன் கடையின் தடித்த அரிசி, எல்லாம் கலந்து பல நிறமாகக் கிடந்தது. அக்காவினுடையதும் அப்படித்தான். கடைசியாக என் பையை வாங்கிக் கொட்டினாள். மல்லிகை உதிர்த்ததுபோல ஒரே வெள்ளை, ஒரே அளவு.

அம்மா விரலால் அளைந்து பார்த்தாள். "ஏலே, அந்தத் தெருவுல எல்லாரும் ஒரே மூடையிலயா அரிசி எடுக்காங்க?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பை அடக்கவா, வேறெதையாவதா என்று தெரியவில்லை. அம்மா என் அரிசியை ஒரு மணி சிந்தாமல் பைக்குள் திரும்ப அள்ளினாள். "இது நம்ம வீட்டு அரிசி. வீட்டுல போயி நாம திங்கலாம்."

பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் போறேம்மா."

"ஒன்னைத்தான அனுப்புனேன். நீதான் போயிட்டு வந்துட்டியே."

நொண்டி நொண்டி நடந்தாள். இருபதடி பின்னால் நானும் போனேன். முதல் வீட்டில் அதே அம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்துச் சுவர் ஓரம் ஒதுங்கினேன். பேச்சு தெளிவாகக் கேட்டது.

"யாருக்கு நேர்ச்சைம்மா?"

"எம் மவனுக்கு. சாவக் கெடந்தவன். இப்ப ஆர்பர்ல வேல பாக்கான்."

"நல்லாருக்கட்டும். மவன் கூட வரலையா?"

"வரலைம்மா. லீவு கெடைக்கல."

அம்மா பொய் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. மீன் விலையில்கூடச் சொல்லமாட்டாள். நேர்ச்சை நாளில், கோவில் பார்க்க நின்றுகொண்டு, எனக்காக ஒன்று சொல்லிவிட்டாள்.

கக்கத்துத் துண்டை உதறி விரித்துக்கொண்டு சுவரோரத்திலிருந்து வந்தேன். "நாந்தாங்கா மவன்" என்றேன்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

"லைட்ஹவுசு தெரிஞ்சிட்டா தம்பி?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய் ஒரு கை அரிசி கொண்டுவந்து துண்டில் போட்டார். "வேல நெலைக்கட்டும். துண்ட நல்லாப் பிடி, சிந்துது பாரு."

மற்றப் பத்து வீட்டிலும் கேட்டது நான். அம்மா தெருவில் நின்றாள். நான்கு வீட்டில் யாருக்காக என்று கேட்டார்கள், சொன்னேன். ஒவ்வொரு முறையும் முகம் எரிந்தது. பிச்சை கேட்கும் வெட்கம் இரண்டு வீட்டோடு போய்விட்டது. பிறகு எரிந்தது வேறு.

பகல் 12.30. பலவகை அரிசி ஒன்றாகப் பொங்கினால் பாதி குழையும், பாதி விறைக்கும். முப்பது பேருக்குக் குறையாமல் சாப்பிட்டார்கள். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர் மட்டும், "சோத்துல பல்லுக்கு வேல குடுத்துட்டிய" என்றார். அம்மா அன்று சிரித்தது அப்போதுதான். எனக்கும் ஒரு இலை போட்டாள், நிறையவே போட்டாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா துண்டை வாங்கி உதறினார். ஓரத்து மடிப்பிலிருந்து இரண்டு அரிசி விழுந்தன. "நல்லபடியா முடிஞ்சிதா?" என்று கேட்டார். "முடிஞ்சிது" என்று அம்மா உள்ளே போய்விட்டாள். அந்தச் சனிக்கிழமை அவள் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றதைப் பார்த்தேன். எந்தப் பாவத்தைச் சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். அதைச் செய்யவைத்த நான் இரண்டு ஆள் தள்ளி, அதே வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

மணப்பாட்டுக்குப் போய்வர மூவருக்கும் ஆன செலவு எண்ணூற்றுப் பன்னிரண்டு ரூபாய், அடுப்பில் ஏறாத அந்த அரிசியின் தொண்ணூற்றாறையும் சேர்த்து.