நல்லி எலும்புக்கு ஒரு மலை

மாமியார் வீட்டில் கறி எடுத்தால், நல்லி எலும்பு மூத்த மாப்பிள்ளையான என் இலையில்தான் விழும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதுதான் சட்டம். அந்தச் சட்டத்தை உடைத்தவன் என் சகலை. மனைவியின் தங்கை கணவன், விழுப்புரத்துக்காரன்.

அவன் திடீரென்று ஓட ஆரம்பித்தான். மாமியார் வீடு மயிலம் மலையடிவாரத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் அங்கே கூடும்போது, நான் இரண்டாவது காபியில் இருப்பேன். அவன் மலைப்பாதையில் கோயில் வாசல்வரை ஓடிப்போய்த் திரும்பி, வேர்வை சொட்டச் சொட்ட வந்து நிற்பான். பனியன் உடம்போடு ஒட்டியிருக்கும். ஒட்டியும் தொப்பை தெரியாது. அங்கேதான் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. எரிவதற்கு என்னிடம் நிறைய வயிறு இருந்தது.

"ஓடுற ஒடம்பு, சத்து வேணும்" என்று மாமியார் ஒருநாள் நல்லியை அவன் இலையில் வைத்துவிட்டார். எனக்கு ஈரலில் ஒரு துண்டு, ஆறுதல் பரிசு. அவன் எலும்பைத் தட்டித் தட்டி உறிஞ்சிய சத்தம் இருக்கிறதே, திண்டிவனம் வந்து சேரும்வரை என் காதில் கேட்டது. போதாததற்கு மனைவி வேறு, "பாத்தீங்களா, அவரு உங்கள விட ரெண்டு வயசுதான் சின்னவரு" என்றாள்.

மறுநாளே ஷூ வாங்கினேன்.

சமதரையில் ஓடுவதை எப்படியோ பழகிக்கொண்டேன். மேடுதான் பிரச்சினை. திண்டிவனத்தில் நான் இருக்கும் பக்கம் தோசைக்கல் மாதிரித் தட்டை. எனக்குக் கிடைத்த ஒரே மலை ரயில்வே மேம்பாலம். பல்லைக் கடித்துக்கொண்டு, உச்சியை முறைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் ஏறுவேன். உச்சி வந்ததும் மறுபக்கம் இறக்கம், கால் தானாக ஓடும். பாலத்தடி டீக்கடைக்காரர் முதல்நாள் என்னைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"இன்னா சார், பஸ்ஸ வுட்டுட்டியா? ஜல்தி போ சார், ஸ்டாண்டுல நின்னுக்கினுதான் இருக்கும்!"

சில வாரங்களில் மேம்பாலம் எனக்குப் பயப்பட ஆரம்பித்தது. அடுத்த ஞாயிறு, "சகல, நானும் வர்றேன்" என்றேன். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே முதல் மேட்டில் பாய்ந்தேன். முதல் வளைவில் நான் முன்னால், அவன் பின்னால். திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புகூடச் சிரித்தேன். வளைவு திரும்பியதும் இறக்கத்தை எதிர்பார்த்தேன். மேம்பாலத்தில் அப்படித்தான். இங்கே வளைவுக்குப் பின்னால் இன்னொரு மேடு இருந்தது, அதற்குப் பின்னால் அதன் அண்ணன் இருந்தது.

கெண்டைக்கால் இறுகியது. மூச்சு, பழைய மிக்ஸி மாதிரி சத்தம் போட்டது. சகலை கோழி நடை மாதிரி குட்டிக் குட்டி அடியாக வைத்து, தரையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, பெருசு பெருசா எட்டு வைக்காதீங்க. மேலயும் பாக்காதீங்க, பேஜாராப் பூடும்."

நல்ல யோசனை. அதனால்தான் தாங்க முடியவில்லை. கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த குரங்கு ஒன்று கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது.

சகலை திரும்பி வரும்போது நெற்றியில் விபூதி. வழக்கமாக வாசலோடு திரும்புகிறவன், அன்று என்னை முந்திய சந்தோஷத்தில் உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டான். வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் கரண்டியோடு நின்றுவிட்டார்.

"அய்யய்யோ, சாமி பாத்துட்டா வர்றீங்க? துண்ணூறு பூசிக்கினு கறி எப்பிடி மாப்ள சாப்புடுவீங்க?"

அந்த வீட்டில் கோயிலுக்குள் போய்வந்தவர்கள் அன்றைக்குக் கறி தொடக் கூடாது. சகலையின் முகம் விழுந்தது. மாமியார் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க?"

"இல்லீங்க அத்த. நான் பாதியிலயே உக்காந்துட்டேன்."

ஒரு தோல்வியை அத்தனை சந்தோஷமாக நான் ஒப்புக்கொண்டதே இல்லை. நல்லி என் இலைக்கு வந்தது.

ஆனால் ருசிக்கவில்லை. "மொகத்துல எப்பிடி ஒரு களை பாரேன்" என்று மாமியார் அவனைக் காட்டி மகளிடம் சொன்னார். என் மனைவி அவனுக்கு இரண்டாவது அப்பளம் வைத்தாள். கையில் நல்லியை வைத்துக்கொண்டு, சாம்பார் சாப்பிடுகிறவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மறுபடி மேம்பாலம். இந்த முறை குட்டி அடி, பார்வை தரையில். யார் சொன்ன யோசனை என்று யாரிடமும் சொல்லவில்லை. டீக்கடைக்காரர், "இன்னா சார், ஷூ கடிக்குதா?" என்று கேட்டார். கடித்தது ஷூ இல்லை.

ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை நிற்காமல் கோயில் வாசல்வரை ஓடிவிட்டேன். சகலை எனக்கு முன்பே போய் நின்றிருந்தான். உள்ளே மணி அடித்தது. அவன் அசையவில்லை.

"நீங்க போய்ட்டு வாங்கண்ணே. நான் இங்கியே நின்னுக்கினு கும்புட்டுக்கிறேன்."

பயல் கற்றுக்கொண்டுவிட்டான்.

கீழே மாமியார் வீட்டு ஓடு தெரிந்தது. அதற்கடியில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். திரும்பிவிடலாம். ஆனால் நெற்றியில் விபூதி இல்லாமல் போய், உச்சிவரை ஓடினேன் என்று சொன்னால் மனைவி நம்புவாளா? சகலை சாட்சி சொல்வானா? அவன் இடத்தில் நான் இருந்தால் சொல்லமாட்டேன்.

உள்ளே போனேன். விபூதியைக் கொஞ்சம் தாராளமாகவே பூசிக்கொண்டேன், தெருமுனையிலேயே தெரிகிற மாதிரி.

மனைவி வாசலில் நின்று என் நெற்றியைப் பார்த்தாள். பிறகு ஷூவைப் பார்த்தாள்.

"மேல வரிக்கும் ஓடியா போனீங்க?"

"பின்ன?"

"ஆட்டோவுல போலயே?"

"ஓடித்தாம்மா போனேன்."

மூக்கில் உதிர்ந்திருந்த விபூதியை முந்தானையால் துடைத்துவிட்டு, "பரவால்லியே" என்றாள். ஒரே ஒரு சொல். அதை வைத்துக்கொண்டு இன்னொரு மலை ஏறலாம் போலிருந்தது.

அப்புறம் சாப்பாடு. எனக்குச் சாம்பார், இரண்டு அப்பளம். பக்கத்து இலையில் டொக், டொக் என்று எலும்பைத் தட்டும் சத்தம்.

"அண்ணே, சாம்பார் எப்பிடி?"

"அருமை" என்றேன், அவன் இலையைப் பார்த்துக்கொண்டே.